நாலு விரல் குறைவு

பூங்காவில் வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அளவுகோல். பிடித்தவர்கள் கூடவே ஓர் 'அக்கா' சேர்த்துக்கொள்வார்கள். பிடிக்காதவர்கள் முதுகுக்குப் பின்னால் வெறுமனே சொல்வார்கள்.

'மலைப்பாம்பு' என்ற பெரிய ரோலர் கோஸ்டரின் மேடையில், ஆட்கள் நுழையும் இடத்தில், மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கம்பம் நின்றது. அதில் போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தலை தொடாத பிள்ளை வண்டியில் ஏறக் கூடாது. வண்டியை இயக்கும் பொறுப்பில் எட்டு வருஷம் இருந்தவள் அவள். அந்த எட்டு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட விட்டதில்லை. ஷூவுக்குள் துணி திணித்துக்கொண்டு வந்தவனை வெறுங்காலோடு நிற்க வைத்தாள். உச்சிக்கொண்டை போட்டு வந்தவளின் கொண்டையை அவளே அமுக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா, போலீஸ் வேலைக்கா ஆள் எடுக்கறீங்க?" என்று அப்பாக்கள் எகிறுவார்கள்.

"முழுசா வீட்டுக்குத் திருப்பி அனுப்பற வேலை சார்," என்பாள்.

பூங்காவுக்கு இரண்டு பக்கம். நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், அதன் மேல் மரப்பாலம். பாலத்துக்கு அந்தண்டை பெரிய பக்கம்: மலைப்பாம்பு, செங்குத்தாக விழும் கோபுரம், தலைகீழாகப் புரளும் கப்பல். இந்தண்டை பாப்பா பக்கம்: குதிரை ராட்டினம், குட்டி ரயில், உட்கார்ந்தால் மெதுவாகச் சுற்றும் டீ கப்புகள். மேனேஜர் இந்தப் பக்கத்தைத் தாலாட்டுப் பக்கம் என்பார். "பயந்தாத்தான்யா ஜனம் திரும்பி வரும். தூங்க வைக்கறதுக்கு வீட்டுலயே தொட்டில் இருக்கே," என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிக்க வேண்டும்.

அந்த மேனேஜருக்கு ஒரே ஒரு அக்கா. சின்ன வயதிலேயே தாய் போய்விட்டதால் அக்காதான் அவரைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கியவள். அவர் யாருக்காவது அடங்குவார் என்றால் அது அவளுக்குத்தான். ஒருநாள் காலையில், பூங்கா திறப்பதற்கு முன்னால், அந்த அக்கா தன் ஏழு வயது மகளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் சேருவதற்கு முன் பிள்ளைகளுக்கு நாலு ராட்டினம் காட்டிவிட்டுப் போகலாம் என்று.

"பாப்பா பக்கம் மட்டும் போதும்டா," என்று தம்பியிடம் சொன்னாள். "விளக்கை அணைச்சாலே இன்னும் அழறா அவ."

"நீயே பயந்தாங்கொள்ளி ஆக்கிடுவே. சரி சரி, குட்டி ரயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். நீ சின்னவனோட குதிரையில உக்காரு," என்றார் அவர்.

குட்டி ரயில் இடது கைப் பக்கம். அவர் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வலது கைப் பக்கம் திரும்பிப் பாலத்தைக் கடந்தார்.

மலைப்பாம்பில் அப்போது காலை வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாமல் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் கதவைத் திறப்பார்கள். மேடையில் இரண்டே பேர். ஒருத்தி அளவுகோல். இன்னொருத்தி, பயணிகளின் பெல்ட்டை இழுத்துப் பார்க்கும் சின்னப் பெண். அவளை எல்லோரும் பெல்ட் என்றே கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"என் மருமகளுக்கு ஒரு ரவுண்டு காட்டு," என்றார் மேனேஜர்.

அளவுகோல் பெண்ணைக் கம்பத்தின் அருகில் நிறுத்தினாள். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் கையை வைத்துப் பார்த்தாள். "நாலு விரல் குறையுது சார்."

"நான் பக்கத்துலயே உக்காந்து பிடிச்சுக்கறேன்."

"அந்தக் கம்பி மடியில இறங்கினாலும் இவளுக்கு நடுவுல இடம் இருக்கும் சார். வளைவுல நழுவிடுவா. முடியாது."

அவர் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு சிரித்துவிட்டார். "சரிம்மா, சட்டம்னா சட்டம். நீ போய் இன்ஜினியர் ரூம்ல இருந்து நேத்து பதிவேட்டை எடுத்துட்டு வா. நான் பார்க்கணும்."

அவள் போனாள். போகும்போது வண்டியை இயக்கும் மேசையில் சாவியை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். அந்தச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் என்ற நினைப்பு பிறகு மூன்று வருஷம் அவளை முள்ளாகக் குத்தியது.

இன்ஜினியர் அறைக்குப் பாதி வழியில் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது. கடக், கடக், கடக் என்று வண்டி உச்சிக்கு ஏறும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். முதல் பெட்டியில் இரண்டு தலை தெரிந்தது. ஒன்று பெரியது. ஒன்று சின்னது. அவள் கத்திக்கொண்டே ஓடினாள். வண்டி விழுந்தது, சுழன்றது, அவள் மேடை ஏறும்போது வந்து நின்றது. பெண்ணின் பாதி உடம்பு கம்பிக்குக் கீழே இருந்தது. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மேனேஜர் அவளை வெளியே இழுத்துத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் என்று கத்தினார்.

பெண் பிழைத்தாள். தோள் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, நரம்பும் அறுந்திருந்தது. இடது கை இனிக் காதுக்கு மேலே போகாது என்று டாக்டர் சொன்னார்.

நாலாம் நாள் முதலாளியின் அறையில் விசாரணை. மேனேஜர் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். தான் ஆபீஸில் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளை வெளியே ஓடிவிட்டது. மேனேஜர் வீட்டுப் பிள்ளையாயிற்றே, நல்ல பெயர் வாங்கலாம் என்று இந்தம்மா தானே அளவு பார்க்காமல் ஏற்றிவிட்டாள். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியதுதான் தன் வேலை.

"சார் வண்டியில இருந்தாரு. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றாள் அளவுகோல்.

மேடையில் இருந்த கேமரா ஒரு மாதமாகப் பழுது. முதலாளி பெல்ட் பக்கம் திரும்பினார். அந்தப் பெண் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்காதான் ஏத்தினாங்க."

வேலையை விட்டு அனுப்பினால் வெளியே போய்ப் பேசுவாள் என்பதால் அனுப்பவில்லை. பாப்பா பக்கத்துக்கு மாற்றினார்கள், டீ கப்புக்கு. அடுத்த வாரமே மலைப்பாம்பின் மேசையில் பெல்ட் உட்கார்ந்தாள்.

டீ கப்பில் அவளுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை. முன்னூறு பேராவது இருப்பார்கள். வரிசையைப் பிளந்துகொண்டு மேனேஜரின் அக்கா வந்தாள். ஒரு கையில் மகளைப் பிடித்திருந்தாள். பிள்ளையின் தோளிலிருந்து இடுப்பு வரை கட்டு. வந்தவள் அளவுகோலின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு வரிசையில் நின்ற தாய்மார்கள் பக்கம் திரும்பினாள்.

"இவகிட்டயா உங்க பிள்ளைங்களைக் குடுக்கறீங்க? என் பிள்ளையைப் பாருங்க! பார்த்துட்டு அப்புறம் ஏத்துங்க!"

தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அப்பாக்கள் வேலி தாண்டி வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அளவுகோல் கட்டோடு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இவளுக்குத் தெரியுமே, இவள் சொல்வாளே என்று ஒரு நப்பாசை. பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை டீ கப்புகள் காலியாகச் சுற்றின. காலியாக இருந்தாலும் அட்டவணைப்படி சுற்ற வேண்டும் என்று மேனேஜர் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்.

அளவுகோலின் புருஷன் பஸ் டிரைவர். சத்தம் போடாத மனிதர். "வேற இடம் பார்த்துக்கலாம். உலகத்துல இது ஒண்ணுதான் ராட்டினமா?" என்றார்.

"போனா நான் பண்ணினேன்னு ஆயிடும். அவர் விழறதை அங்கேயே நின்னு பார்க்கணும் எனக்கு," என்றாள்.

மூன்று வருஷம் நின்றாள். பாப்பா பக்கம் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. டீ கப்பில் ஒரே ஒரு பாட்டு, ஒன்றரை நிமிஷம், ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அது தூக்கத்திலும் ஓடியது. கைக்குழந்தைக்காரிகளும் தாத்தாக்களும் ஒரே கப்பில் நெருக்கி உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவளுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வராது. கண் பாலத்துக்கு அப்பால், உச்சிக்கு ஏறும் வண்டியின் மேலேயே இருக்கும். மேனேஜர் அந்தப் பக்கமாகப் போனால் வேண்டுமென்றே நின்று கேட்பார்: "என்னம்மா, டீ ஆறிடுச்சா?"

"சூடாத்தான் இருக்கு சார்," என்பாள் அவள். அவர் போன பிறகு பொத்தானை ஓங்கி அழுத்துவாள்.

மூன்றாம் வருஷம் மேனேஜர் ஒரு திட்டம் போட்டார். குதிரை ராட்டினத்தையும் குட்டி ரயிலையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இடிமுழக்கம்' என்று இன்னொரு பெரிய கோஸ்டர். முதலாளி ஒத்துக்கொண்டார். அது ஓட ஆரம்பித்தால் மேனேஜர் பூங்காவுக்கே இயக்குநர் ஆகிவிடுவார் என்று பேச்சு. குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றுக்குக் காது உடைந்திருந்தது.

மலைப்பாம்பு முதல் சரிவில் விழும்போது ஒரு கேமரா எல்லோரையும் படம் பிடிக்கும். இறங்கி வருகிறவர்கள் கவுன்டரில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, அட்டைச் சட்டத்தில் வாங்கிக்கொண்டு போவார்கள். புதுக் கோஸ்டருக்குப் புதுக் கேமரா வாங்கியபோது மலைப்பாம்புக்கும் புதிதாக ஒன்று போட்டார்கள். பழைய கேமராவும் அதன் கம்ப்யூட்டரும் டீ கப்புக்கு வந்தன. பழசு எதுவானாலும் பாப்பா பக்கம்தான் வரும்.

கேமராக்காரர் கொண்டுவந்து மாட்டினார். "பழைய படமெல்லாம் உள்ள அடைஞ்சு கிடக்குக்கா. அழிச்சா வேகமா ஓடும். நேரம் கிடைக்கறப்ப அழிச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கவுன்டரில் காட்டும் படங்கள் அன்றன்றைக்கு அழிந்துவிடும். ஆனால் கவுன்டர் திறப்பதற்கு முன், வெள்ளோட்டத்தின்போது எடுத்த படங்கள் தனியாக ஒரு மூலையில் சேர்ந்திருந்தன. அவற்றை யாரும் தொடவில்லை. காலி இருக்கைகளின் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அவள் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நாள் நாளாக, காலி இருக்கைகளைத் தள்ளிக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது நாள் அது வந்தது.

மூலையில் தேதி. நேரம் ஒன்பது இருபத்துநாலு. முதல் பெட்டி. மேனேஜரின் டை தோளுக்குப் பின்னால் பறக்கிறது, கண் இறுக மூடியிருக்கிறது. பக்கத்தில் பெண், வாய் திறந்து, தாடை கம்பிக்குக் கீழே இறங்க, இடது கை மேலே எதையோ தேடிக்கொண்டு. மேனேஜரின் இரண்டு கையும் அவருடைய சொந்தக் கம்பியைப் பிடித்திருந்தன. இரண்டு கையும்.

அவள் டப்பாவை மூடினாள். அன்று பிற்பகல் முழுக்க அவள் பிள்ளைகளைக் கப்பில் ஏற்றிய விதத்தைப் பார்த்தவர்கள் இந்த அக்காவுக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு குஷி என்று நினைத்திருப்பார்கள்.

படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு போய்ப் புருஷனிடம் காட்டினாள். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "முதலாளிகிட்ட குடுத்துடு. நாளைக்கே வேலை போயிடும் அவனுக்கு."

"வேலை போனா இன்னொரு வேலை கிடைக்கும்," என்றாள். "அக்கா போனா எங்க கிடைக்கும்?"

"அந்தம்மா என்ன பண்ணினா உன்னை?"

"என்ன பண்ணினாளா? நீங்க அன்னைக்கு அங்க இல்ல."

"அந்தப் பிள்ளையை நினைச்சுப் பாரு."

"மூணு வருஷமா அதைத்தான் நினைக்கறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல அது."

"ஏழு வயசுடி அதுக்கு."

மறுநாள் அவள் படத்தை அழகாக அச்செடுத்து, கவுன்டரில் விற்கும் அட்டைச் சட்டத்தில் செருகினாள். சட்டத்தின் அடியில் 'மறக்க முடியாத நாள்' என்று பொன் எழுத்தில் போட்டிருக்கும். இடிமுழக்கம் திறப்பு விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மேனேஜரின் அக்கா வருவாள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அடித்துவிட்டுப் போன நாளுக்குப் பிறகு பூங்காவில் கால் வைக்காதவள், தம்பி கெஞ்சிக் கேட்டதால் முதல் பொத்தானை அழுத்த ஒத்துக்கொண்டாளாம். அந்த ஐந்து வாரமும் அளவுகோல் சட்டத்தை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பாள். இப்போதே கொடுத்துவிடலாமா என்று கை பரபரக்கும். பொறுத்ததுதான் பொறுத்தோம், பாத்திரம் நிரம்பட்டும் என்று திரும்ப வைப்பாள். அந்த ஐந்து வாரத்தில் மேனேஜர் நின்று கேட்டபோதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

திறப்பு விழா காலை பதினோரு மணிக்கு. மேடை போட்டு, நாற்காலி போட்டு, முதலாளியும் பத்திரிகைக்காரர்களும் முதல் வரிசையில். மேனேஜரின் அக்கா ஓரத்து நாற்காலியில் மகளோடு உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்கு இப்போது பத்து வயது. வெயிலுக்கு நெற்றியில் வைத்துக்கொண்டது வலது கை.

அளவுகோல் சீருடையோடு நேராகப் போய் முன்னால் நின்றாள். அக்காவுக்கு ஆளை உடனே தெரிந்தது. முகம் கறுத்தது.

"நீ இன்னும் இங்கதான் இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன்மா. உங்களுக்கு ஒரு படம் குடுக்கணும். ஒரே ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டு இன்னொரு கன்னத்துல வேணும்னாலும் அடிங்க."

சட்டத்தை மடியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். போகவில்லை. ஒரு முகம் மாறுவதைப் பார்க்க மூன்று வருஷம் காத்திருந்தவள், இப்போதா போவாள்?

அக்கா பார்த்தாள். முதலில் அது என்னவென்றே புரியவில்லை போலிருந்தது. பிறகு மகளின் அந்தப் பழைய பச்சைச் சட்டையை அடையாளம் கண்டாள். பிறகு பக்கத்து ஆளை. பிறகு மூலையில் இருந்த தேதியை. சட்டத்தை மகள் பக்கம் திருப்பினாள். குரல் மிகச் சின்னதாக வந்தது.

"மாமா உன்கூட இருந்தாரா?"

பெண்ணின் உதடு கோணியது. "சொன்னா மாமாவுக்கு வேலை போயிடும்னு... அப்புறம் நீ மாமாகூட பேசமாட்டேன்னு... மாமா அழுதாரும்மா."

அப்போதுதான் ஒலிபெருக்கியில் மேனேஜரின் குரல் எழுந்தது. "எனக்கு அம்மா இல்ல. அம்மாவா இருந்து என்னை வளர்த்த என் அக்கா இப்ப வந்து இந்தப் பொத்தானை அழுத்துவாங்க."

கை தட்டினார்கள். அக்கா எழுந்து சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேடை ஏறினாள். அவர் மைக்கைப் பிடித்தபடி மறு கையை நீட்டினார். அந்தக் கையை அவள் தொடவில்லை.

"அன்னைக்குக் காலையில ஒன்பது இருபத்துநாலுக்கு நீ எங்க இருந்தே?"

மைக் அவள் குரலையும் எடுத்துக் கூட்டம் முழுக்கச் சொன்னது. அவர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கையால் மூடினார். மூடியும் கேட்டது.

"என்னக்கா இது, இப்பப் போய்..."

"எங்க இருந்தே?"

"ஆபீஸ்லதான். போன்ல. எத்தனை தடவைக்கா சொல்றது?"

அவள் சட்டத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது யார் கை?"

அவர் படத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு கையும் உன் கம்பியிலதான் இருக்கு. ஒரு கையாவது அவமேல வெச்சிருக்கக் கூடாதாடா?"

"அக்கா... பயத்துல... எனக்கே தெரியாம..."

"பயந்தது தப்பில்ல. ஊரான் வீட்டுப் பொண்ணை என் கையால அடிக்க வெச்சியே. அதுக்கும் பயந்துதான் வெச்சியா?"

அவர் மைக்கை இன்னும் பிடித்திருந்தார். அவருடைய மூச்சு ஒலிபெருக்கியில் இரைந்தது. அக்கா சட்டத்தை முதலாளியின் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். பின்னாலிருந்து "அக்கா, அக்கா" என்று அவர் கூப்பிட்டார். சின்னப் பிள்ளை கூப்பிடுவதுபோல் இருந்தது. அவள் திரும்பவில்லை.

அளவுகோல் ஒரு கணத்தைக்கூட விடாமல் பார்த்தாள். அவர் முகத்தில் நிறம் போனதை, டையைச் சரிசெய்யப் போய்க் கை பாதியில் நின்றதை, உட்கார இடம் தேடியதை, யாரும் நாற்காலி தராததை. மூன்று வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்தது ஏதோ இறங்கி வயிறு வரை குளிர்ந்தது. இது பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அந்தப் பெண் அம்மாவின் பின்னால் போனவள், அளவுகோலின் பக்கத்தில் நின்றாள். கண்ணெல்லாம் நீர்.

"ஆன்ட்டி, நான் அப்பவே சொல்லியிருக்கணும்ல?"

"ஆமா," என்றாள் அளவுகோல்.

பெண் தலையாட்டிவிட்டு ஓடினாள். அந்த ஒரே ஒரு சொல்லை மட்டும் அளவுகோல் பின்னாளில் திரும்ப வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டாள். அன்றைக்குச் செய்த வேறு எதையும் அல்ல.

மறுநாளே விசாரணை. பெல்ட் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பொத்தானை அழுத்தியது தான்தான் என்றும், மேனேஜர் மேசை வேலை தருவதாகச் சொன்னார் என்றும், வீட்டில் தன் ஒருத்தி சம்பளம்தான் என்றும் அழுதாள். மேனேஜர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். அளவுகோலை முதலாளி கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"மலைப்பாம்பு மேசை வேணும். அப்புறம் அந்தப் பெல்ட் பொண்ணை டீ கப்புல போடணும்."

"அனுப்பிடலாம்னு இருந்தேனே."

"அனுப்ப வேணாம் சார். அந்தப் பாட்டைக் கேக்கட்டும்."

"பழி வாங்கறியாம்மா?"

"ஆமா சார்."

முதலாளி அவள் கேட்டதைக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜரின் அக்கா விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அளவுகோல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவள் உட்காரவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். தினமும் வாசலில் வந்து நிற்கிறானாம், கதவைத் திறப்பதில்லையாம். சொல்லும்போது கண் கலங்கியது. பிறகு கையைக் கூப்பினாள்.

"அறியாம செஞ்சுட்டேன். மன்னிச்சிடும்மா."

அளவுகோல் கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க அடிச்சது முன்னூறு பேர் முன்னாடி. மன்னிப்புக் கேக்கறது என் சமையலறையிலயா?"

வந்தவள் கூப்பிய கையை மெதுவாக இறக்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். "இவ்வளவு ஆகாதுடி," என்றார் புருஷன். "ஆகும்," என்றாள் அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைப்பாம்பின் வரிசை பாலம் வரை நீண்டிருந்தது. அந்த வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, அந்த அக்கா மேடைக்கு வந்தாள். கம்பத்தைத் தாண்டி நேராக மேசைக்கு முன்னால் வந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேளுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொய்யை நம்பி இவங்களை அடிச்சேன். என் பிள்ளையை இவங்கதான் காப்பாத்தப் பார்த்தாங்க. இவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு இளைஞர்கள் இது ஏதோ விளம்பரப் படப்பிடிப்பு என்று நினைத்துக் கேமராவைத் தேடினார்கள். "ஏறுறீங்களா இல்லியா, வெயில் கொளுத்துது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அளவுகோல் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்றைக்கு டீ கப்பிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட இதில் இல்லை. அவர்கள் வீட்டில் இன்றும் அவள் ஒரு பிள்ளையின் தோளை உடைத்தவள்தான். அந்த முன்னூறு பேரை எங்கே போய்த் தேடுவது?

"சரிம்மா," என்றாள். "பிள்ளைக்குக் கை எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"கூட்டிட்டு வாங்க ஒருநாள். நான் அவகிட்ட ஒண்ணு சொல்லணும். இப்ப நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது."

அந்த அக்கா இறங்கும் வழியாகப் போனாள். அளவுகோல் கம்பிகளைச் சரிபார்க்கச் சொல்லிச் சாவியைத் திருப்பினாள்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் புருஷன் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு உன் மேனேஜர் என் பஸ்ல ஏறினாரு."

அவள் தட்டு வைத்துக்கொண்டிருந்தவள் நின்றாள். "அவர் காரு என்னாச்சு?"

"தெரியல. வித்திருப்பாரு. ஏதோ கட்டில் மேசை விக்கற கடையில வேலையாம். அந்தக் கடைப் பேர் போட்ட சட்டை."

"உக்கார இடம் இருந்துச்சா?"

"இல்ல. நின்னுகிட்டே வந்தாரு."

"எத்தனை ஸ்டாப்பு?"

"பதினாலு."

"உங்களைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. பார்த்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

அவள் தட்டில் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள். "எந்த ஸ்டாப்புல ஏறினாரு?"